மாமா பாத்துக்கினாரு

இன்னும் எவ்ளோ தம்பி குனியறது, தாடை நெஞ்சுல முட்டுது பாரு. செரி செரி, ஆட்டலே. நீ பாட்டுக்கு மழி, நான் பாட்டுக்குப் பேசறேன். வாய மூடிக்கினு குந்தியிருந்தா எனக்கு மண்டை வெடிச்சிடும். பிச்சாட்டூருன்னு சொன்னே இல்ல, அதான் நல்லாத் தமிழ் பேசறே. நமக்கு சித்தூரு. மாங்கா மண்டி. மணிவேலு மண்டின்னு யாரை வேணா கேளு, சொல்வாங்க.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், எங்க சம்மந்தி. தெலுங்குல வியங்குடுன்னு சொல்வாங்களே, அந்தாளு. முனிரத்தினம்னு பேரு. தோ, கீழ திருப்பதியிலதான் வூடு. பாதி வயசு பட்டாளத்துல ரேடார் ரிப்பேரு. அப்பால பெங்களூருல ஏதோ கம்பெனியில எலக்ட்ரானிக்ஸ் இஞ்சினீரு. இப்ப ரிட்டேடு. ரிட்டேடுன்னா மனுசன் பேப்பரப் படிச்சிக்கினு ஒரு மூலையில கெடக்கணுமா இல்லியா? இந்தாளு கெடக்க மாட்டான்.

அவன் வூட்டம்மாவுக்குக் காது மந்தம். வாசல்ல பெல் அடிச்சா அடுப்பங்கரையில லைட்டு எரியற மாதிரி ஒயரு இழுத்து வெச்சிருக்கான். குக்கரு விசிலுக்கு வேற கலரு லைட்டு. எங்க வூட்டுக்காரி செல்வி அதைப் பாத்துட்டு வந்தா, அவ்ளோதான். சம்மந்தி எப்படித் தாங்கறாரு பாத்தியா, நீ எனக்கு இன்னா பண்ணேன்னு ஒரே புடுங்கல். நான் இன்னா தம்பி பண்றது? காது நல்லாக் கேக்கற பொண்ணைக் கட்டிக்கினேன், அது என் குத்தமா?

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். என் வயிறு எரியறது எம் பொண்ணாலதான். தேவசேனா. ஒரே பொண்ணு, கீழ திருப்பதியிலயே பேங்க்குல வேலை. கல்யாணத்துக்கு முன்ன அவளுக்கு எதுவானாலும் நைனாதான். ஸ்கூட்டி பஞ்சரா, நைனா. ஹாஸ்டல்ல ஜுரமா, நைனா. மண்டியில லோடு எறங்கிக்கினு இருந்தாலும் போட்டது போட்டபடி வுட்டுட்டு ஓடுவேன். இப்ப நானே போன் பண்ணிக் கேக்கறேன். ஏம்மா, கேஸ் அடுப்பு எரியலேன்னியே, ஆளு அனுப்பவா? மாமா பாத்துக்கினாரு நைனா. பேங்க்குக்குப் போவ பஸ்ஸு கெடைக்கலேன்னியே? மாமா கொண்டாந்து வுட்டாரு நைனா. எதைக் கேட்டாலும் மாமனாரு பேருதான். மாமா பாத்துக்கினாரு. அப்ப நான் எதுக்கு இருக்கேன்? சீசனுக்கு ஒரு பொட்டி பழம் அனுப்பறதுக்கா?

சங்கராந்திக்கு வந்தா. வடைக்கு அரைக்கறப்ப மிக்ஸி நின்னு போச்சி. விடுவேனா நான்? என் வூடு, என் மிக்ஸி, என் பொண்ணு. ஸ்க்ரூவெல்லாம் கழட்டிக் கூடத்துல பரப்பிட்டேன். வேர்த்துக் கொட்டுது, ஒண்ணும் புரியலே. அவ பாத்தா, மாமனாருக்கு வீடியோ கால் போட்டுட்டா. மிக்ஸிக்கு அடியில ஒரு சிகப்பு பட்டன் இருக்குமாம். லோடு ஜாஸ்தியானா அது வெளிய தள்ளிக்குமாம். அதை அமுக்கினாப் போதுமாம். கழட்டறதுக்கு முன்ன அமுக்கியிருக்கணும்மா, அண்ணன் கைய கிய அறுத்துக்கப் போறாரு, பாத்துக்கோங்கறான். என் மேல அக்கறையாம்! எம் பொண்ணு சிரிக்கிறா, செல்வி சிரிக்கிறா. நான் அன்னிக்கு வடையே துன்னலே.

யோவ், பிளேடக் கையில வெச்சிக்கினு நீயும் சிரிக்காதே.

கெட்ட ஆளான்னு கேக்கறியா? கெட்டவனா இருந்தா நிம்மதியாத் திட்டித் தீத்திருப்பனே. அதான் இல்லியே. என்னைப் பாத்தா அண்ணான்னு எழுந்து நிக்கறான். நான் அனுப்பற பழத்தைத் தெருவெல்லாம் குடுத்து எங்க சம்மந்தி தோட்டம்னு பெருமை பேசறான். எனக்குத் தோட்டம்கூட இல்ல தம்பி, வெறும் மண்டிதான். ஒருத்தனுக்குப் பத்திக்கினு எரிய இதுக்கு மேல இன்னா வோணும்?

வேண்டுதல் யாருக்கா? பேரப்புள்ளைக்குன்னு நெனச்சியா? இல்லப்பா. அந்தாளுக்குத்தான்.

நேத்து நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டான். கீழ ஆஸ்பத்திரியில நெஞ்சத் தொறந்து ஆபரேசன் நடந்துக்கினு இருக்குது, தோ, நாம பேசிக்கினு இருக்கற இதே நேரம். அவன் புள்ளை டாக்டருங்க பின்னால ஓடிக்கினு இருக்கறான். எம் பொண்ணு சேர்ல குந்தாம செவுத்தோட ஒட்டிக்கினு நிக்கறா. டீ வாங்கிக்கினு போய்க் குடுத்தேன், தொடலே. எனக்குக் குடலிறக்கம் ஆபரேசன் பண்ணப்ப ரெண்டு ஆப்பிளக் குடுத்துட்டு சாயந்தரம் பஸ்ஸுக்குக் கெளம்பினவ அவ. அங்க நின்னுக்கினும் எனக்கு அதான் ஞாபகம் வருது பாரு, என் புத்தி அப்பிடி.

அப்பதான் நிமிந்து என்னைப் பாத்தா. நைனா, ஏதாவது பண்ணு நைனான்னா.

கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ எங்கிட்ட சொன்ன மொதல் வேலை தம்பி இது. நான் இன்னா பண்ணுவேன்? மிக்ஸி பட்டனே தெரியாதவன். டீ கிளாஸத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு, மலை பஸ்ஸு ஏறிட்டேன். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அந்தாளு எழுந்து வந்து எனக்குத் தேங்க்ஸ் சொல்வான், அதை வேற நான் கேக்கணும். வரட்டும். பொழைச்சி வந்து மறுபடி எல்லாத்தையும் அவனே பாத்துக்கட்டும். நான் எரிஞ்சிக்கினு கெடந்துட்டுப் போறேன்.

இன்னா? மீசையா? இல்ல, தலமுடிதான் வேண்டிக்கினேன்.

இரு, இரு. அதையும் எடுத்துடு.