நாப்பத்திரண்டு பவுண்டு காத்து

— கதவைச் சாத்து ஓரெஸ்ட். கராஜுல இருக்குற சூடு மொத்தமும் தெருவுக்குப் போகுது.

— ஹோஸ் மாட்டிக்கிச்சு வாண்டா. கம்ப்ரசர் உள்ளே வந்தாத்தானே சாத்த முடியும். ம், இப்ப இழு.

— சாத்தியாச்சு. வெளியே எவ்வளவு?

— மைனஸ் முப்பத்திரண்டு. காத்து வேற.

— என் கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு.

— என் கல்யாணமும் அன்னிக்குத்தான்.

— பரவாயில்லையே, ஞாபகம் இருக்கே. விவாகரத்து ஆனாத்தான் ஆம்பளைங்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும்போல.

— வண்டியில டயர் லைட்டு எரியுதா?

— எரியாமலா உன்னைக் கூப்பிட்டேன்?

— குளிருல உள்ளே இருக்குற காத்து சுருங்கும். டயர்ல அழுத்தம் கொறையும். வண்டி லைட்டைக் காட்டும். அதான் விஷயம்.

— இதையேதான் போன தடவையும் சொன்னே. அதுக்கு முந்தின தடவையும் சொன்னே. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல நீ என்கிட்ட பேசினதை விட, பிரிஞ்சப்புறம் என் டயர் முன்னாடி குத்த வச்சுப் பேசினதுதான் அதிகம்.

— அந்த முன்சக்கரத்துப் பக்கம் விளக்கைக் கொஞ்சம் பிடி.

— பாரு, பதில் வருதான்னு. பிடிச்சாச்சு. ஒரு மணையைப் போட்டு உக்காரேன்யா. சிமெண்ட் தரை ஜில்லுனு இருக்கும், அப்புறம் இடுப்பு வலிக்குதுன்னு நீ ஊர் முழுக்கச் சொல்லுவே.

— என் கோட்டுல இருந்து காத்து அளக்குற கேஜை எடுத்துக்குடு. உள் பாக்கெட்டு. இடது பக்கம்.

— இதை ஏன் நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு அலையுறே?

— டிரக்குல கிடந்தா உறைஞ்சுபோகும். தப்பாக் காட்டும்.

— சரி சரி. கோசு உருண்டை செஞ்சிருக்கேன். ஐஸ்கிரீம் வாளியில போட்டு வாசப்படியில வச்சிருக்கேன், கல்லா உறைஞ்சிருக்கும். போகும்போது எடுத்துக்கோ. வாளியை மட்டும் திருப்பிக் கொடுத்துடு.

— யார்கிட்ட கொடுக்குறது? நாளைக்குக் காலையில நீ கிளம்புறே.

— பக்கத்து வீட்டு வால்டர்கிட்ட கொடு. சாவி அவங்ககிட்டதான் இருக்கும். தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்காம பாத்துக்குறேன்னு சொல்லியிருக்கார்.

— நான் பாத்துக்க மாட்டேனா?

— நீ கேக்கலையே. நீ எப்பவாவது ஏதாவது கேட்டிருக்கியா? கடற்கரைப் பக்கம் விக்டோரியாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். ‘சரி, டயரைப் பாக்கணும்’னே. அவ்வளவுதான். என் அக்கா டோரீன்கூட அழுதா. அவ சந்தோஷத்துல அழுதா, அது வேற கதை.

— எத்தனை நாளைக்கு?

— வசந்தம் வரைக்கும் இருந்து பாக்குறேன். பிடிச்சிருந்தா இந்த வீட்டை வித்துடலாம்னு டோரீன் சொல்றா. அங்கே பனியே இல்லையாம். இப்பவே தோட்டத்துல ஏதோ பூக்குதுன்னு போட்டோ அனுப்புறா. பனியை அள்ள வேண்டாம், எஞ்சின் உறையாம இருக்க வண்டியை ராத்திரி கரண்ட்ல சொருகி வைக்க வேண்டாம்.

— டயருக்குக் காத்தும் அடிக்க வேண்டாம்.

— அதுவும் இல்லை.

— விளக்கு நகருது. சரியாப் பிடி.

— உனக்கு ஞாபகம் இருக்கா, கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு? என் வண்டி ஸ்டார்ட் ஆகலை. பிரியுறதுக்கு ரெண்டு பேரும் உன் ஒரே வண்டியில போனோம். ராத்திரி முழுக்க வெளியே நின்ன டயர், சதுரமா உறைஞ்சுபோய், டக்கு டக்கு டக்குனு. பாதி தூரம் வரைக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான். நீ வாயைத் திறக்கவே இல்லை.

— உருண்டு சூடானா வட்டமாயிடும்னு சொன்னேன்.

— ஆமா. அதைச் சொன்னே. நீ வேற ஏதாவது சொல்லுவேன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். ஜட்ஜம்மா, என்ன பிரச்சனைன்னு கேட்டாங்க. சண்டையான்னு கேட்டாங்க. சண்டை போடணும்னாலும் வாயைத் திறக்கணுமே, நான் என்னத்தைச் சொல்ல?

— வெளியே வந்து சொன்னியே. ‘இனிமே என் வண்டியைத் தொடாதே’ன்னு.

— கோவத்துல சொன்னது அது. அதைப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் வாங்குன இந்த வண்டியிலகூட இன்னிக்கு வரைக்கும் உள்ளே ஏறி உக்காரலை நீ. குளிருல நின்னுக்கிட்டே, ‘லைட்டு அணைஞ்சுதா வாண்டா, லைட்டு அணைஞ்சுதா’ன்னு வெளியே இருந்து கத்துறது. ஊரே சிரிக்குது.

— சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன்.

— இப்ப தொட்டுக்கிட்டிருக்குறது என்னவாம்?

— டயரு. டயரு வண்டியில சேராது.

— எந்தச் சட்டப் புத்தகத்துல இருக்கு? சிரிக்காதே, காத்து போயிடப்போகுது. எவ்வளவு வச்சே இதுக்கு?

— ம்? வச்சாச்சு. அடுத்ததுக்கு வா.

— கேஜைக் காட்டு.

— உனக்கு எதுக்கு அதெல்லாம்?

— மலையைத் தாண்டி ஓட்டப்போறது நான். காட்டு. நாப்பத்திரண்டா? ஓரெஸ்ட், வண்டிக் கதவு ஓரத்துல முப்பத்தஞ்சுன்னு ஒட்டியிருக்கு. நீயும் எப்பவும் முப்பத்தஞ்சுதான் வைப்பே.

— இது தூரப் பயணம்.

— தூரப் பயணம்னா டயரை வெடிக்க விடணுமா?

— வெடிக்காது. இங்கே ஹீட்டர் ஓடுது, டயர் கதகதன்னு இருக்கு. நாளைக்கு வெளியே போய் நின்னா ஏழு பவுண்டு இறங்கும். அப்ப சரியா முப்பத்தஞ்சு. சூடான இடத்துல அடிச்சா கூட வைக்கணும். இங்கே எல்லாருக்கும் தெரியும் அது.

— எல்லாருக்கும் தெரியுமா?

— தெரியும்.

— உனக்கும் தெரியும்.

— அந்தப் பின்சக்கரத்துக்கு வா வாண்டா.

— இரு. நகராதே. இத்தனை குளிர்காலமா இதே கராஜுல, இதே ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, முப்பத்தஞ்சு வச்சியே, வெளியே போனதும் அது எவ்வளவு ஆச்சு?

— வெளியே வச்சு அடிச்சா வால்வு உறைஞ்சு மூடாம நின்னுடும். இருக்குற காத்தும் போயிடும். அதனாலதான் உள்ளே வச்சு அடிக்கிறது.

— நான் அதைக் கேக்கலை.

— இருபத்தெட்டு.

— இருபத்தெட்டு. இந்த ஊர் ஸ்கூல் பஸ்ஸை அத்தனை வருஷம் ஓட்டினவன் நீ. குளிர் காலையில ஒவ்வொரு பஸ்ஸுக்கும் குனிஞ்சு குனிஞ்சு காத்துப் பாத்தவன். ஒரு பிள்ளையை நீ வழியில நிறுத்தினதில்லை. என் டயருக்கு மட்டும் கணக்கு மறந்துபோச்சா?

— மறக்கலை.

— அப்புறம்?

— விளக்கைக் கீழே வை. கண்ணுல அடிக்குது.

— வச்சுட்டேன். சொல்லு.

— கொஞ்சம் கொறைச்சு வச்சா, குளிர் இன்னும் ஏறும்போது லைட்டு எரியும். லைட்டு எரிஞ்சா நீ கூப்பிடுவே. சரியா வச்சா வசந்தம் வரைக்கும் கூப்பிட மாட்டே. அதான் விஷயம்.

— ஓரெஸ்ட்.

— திட்டணும்னா திட்டிடு.

— அரைக் காத்துல என்னைப் பனியில ஓட விட்டிருக்கே.

— ஊருக்குள்ள மட்டும். சர்ச்சு, மளிகைக் கடை, உன் கர்லிங் ஆட்டம். நெடுஞ்சாலைக்குப் போறேன்னு நீ சொன்ன அன்னிக்கெல்லாம் முழுசா வச்சேன். ரெஜைனாவுக்கு டாக்டரைப் பாக்கப் போனியே, அன்னிக்கு நாப்பத்தொண்ணு. நீயே யோசிச்சுப் பாரு. அப்புறம் தினமும் காப்பிக்குப் போகும்போது உன் தெரு வழியாத்தான் போவேன். டயர் தரையில எப்படி உக்காந்திருக்குன்னு பாத்துட்டுத்தான் போவேன்.

— தெரியும். சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்திருக்கேன். சைலென்சர் ஓட்டையான டிரக்கை வச்சுக்கிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு போறதா உனக்கு நெனப்பு.

— பாத்தியா?

— காப்பிக்கடை உன் வீட்டுக்கு வடக்கால. என் தெரு தெற்கால. யாருக்குத்தான் தெரியாது?

— சரி. தப்புதான். செஞ்சிருக்கக் கூடாது. ஆனா எனக்கு வேற வழி தெரியலை வாண்டா. சும்மா வந்து கதவைத் தட்டினா நீ என்னன்னு கேப்பே. நான் என்ன சொல்லுவேன்? கையில ஹோஸ் இருந்தாத்தான் எனக்குப் பேச்சே வருது. விக்டோரியாவுல பனி இல்லை. அங்கே லைட்டு எரியாது. நேத்தெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

— இதை அந்தச் சதுர டயர்ல போனோமே, அன்னிக்குச் சொல்லியிருந்தா?

— அன்னிக்குத் தெரியலை.

— இத்தனை வார்த்தை ஒரே மூச்சுல உன் வாயில இருந்து வந்து நான் கேட்டதில்லை. மிச்ச மூணையும் அடி. நாப்பத்திரண்டே வை.

— இன்னொண்ணு. மலையைத் தாண்டிக் கீழே இறங்கினதும் அங்கே சூடு. அப்ப ஏழு பவுண்டை வெளியே விட்டுடணும். மறந்துடாதே.

— யார் விடுறது?

— எந்தப் பெட்ரோல் பங்க்லயும் விடுவாங்க.

— எனக்கு முகம் தெரியாதவன் என் டயரைத் தொடக்கூடாது. நீ வந்து விடு.

— விக்டோரியாவுக்கா?

— மலை வரைக்கும் நீ ஓட்டு. அந்தப் பாதையில எனக்குப் பயம்னு உனக்கே தெரியும். அந்தப் பக்கம் நான் ஓட்டுறேன். டோரீன் வீட்டுல சோபா இருக்கு. குறட்டை விட்டா கராஜுல படுத்துக்கோ, அங்கேதான் குளிராதே. என்ன பாக்குறே? கதவைத் திறந்து உக்காரு, உன் காலுக்குச் சீட்டைப் பின்னாடி தள்ளு.

— தொடாதேன்னு சொன்னியே.

— இப்ப தொடுன்னு சொல்றேன். ஏறு.

— ஏறிட்டேன். சீட்டை என்ன, ஸ்டியரிங்குக்குள்ள இழுத்து வச்சிருக்கியா? ம், இப்ப சரி. சாவி?

— இந்தா.

— சாவி போட்டாச்சு. வாண்டா, இது என்ன, ஸ்பீடு காட்டுற முள்ளுக்குப் பக்கத்துல கறுப்பு டேப்பு?

— அதா? கண்ணை உறுத்துச்சு. ஒட்டி வச்சேன்.

— எது உறுத்துச்சு?

— உரிச்சுத்தான் பாரேன்.

— டயர் லைட்டு. எரியுது. இப்பதானே முன்சக்கரம் அடிச்சேன், மிச்சம் மூணு பாக்கி, அதனால எரியுது.

— அதனால இல்லை. சக்கரத்துக்குள்ள காத்தைப் பாத்துச் சொல்ற சின்னப் பெட்டி ஒண்ணு இருக்காமே, அது செத்துப்போச்சுன்னு டயர் கடைக்காரன் சொன்னான். மாத்துற வரைக்கும் லைட்டு அணையாதாம், நீ எவ்வளவு காத்து அடிச்சாலும். நான் மாத்தலை.

— எப்போ சொன்னான்?

— இந்த வண்டி வாங்கின முதல் குளிர்காலத்துலயே.

— அப்ப ‘லைட்டு எரியுது, வா’ன்னு நீ போன் பண்ணினது? நான் காத்து அடிச்சு முடிச்சு, அணைஞ்சுதான்னு கேட்டா, ‘அணைஞ்சுடுச்சு’ன்னு ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்து சொல்லுவியே?

— எரியுதுன்னு சொன்னதெல்லாம் நெசம், ஓரெஸ்ட். அணைஞ்சுடுச்சுன்னு சொன்னதுதான் பொய்.