கீழே விழாத பந்து

லிங்கராஜபுரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நேத்து எறிஞ்ச பந்து இன்னும் கீழ விழல, மேரி," என்றாள் மூத்தவள்.

"எந்தப் பந்துக்கா?"

"எம் பொண்ணு சி.டி.யில பாக்குற ஜப்பான் கார்ட்டூன். ஸ்கூல் பசங்க பேஸ்கட்பால் ஆடுறாங்க. ஒருத்தன் பந்த எறிஞ்சதும் சி.டி. முடிஞ்சிருச்சு."

"அதுல அப்படி என்னக்கா இருக்கு?"

"அவனுக்கு ஆடவே தெரியாது. எல்லாரும் சிரிச்சாலும் விடாம எறியுறான். அதப் பாத்துட்டு காலையில நானும் சர்ச் கிரவுண்டுல இருக்குற பேஸ்கட்பால் கூடைக்கு எறிஞ்சேன்."

"சேலையோடவா?"

"ஆமா. நாப்பதாவது தடவ உள்ள போச்சு! பத்தாவது ஃபெயிலானப்ப நான் திட்டுனதுல இருந்து என்கூட பேசாத பொண்ணு, ஓரமா நின்னு பாத்துட்டிருந்தவ, 'அம்மா!'னு கத்திக்கிட்டு ஓடிவந்து கட்டிப்பிடிச்சா."

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு நானும் வரேன்க்கா."