நாடித்துடிப்பு எண்பத்தெட்டு

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. டாக்டருக்கு இப்படியா என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தானா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டிருக்கவே வேண்டாம்.

வந்தவர் என் தங்கையின் கணவர். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, பத்து நாளாகப் படுக்கையில் கிடந்தவர். "மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்துது மச்சான்," என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு எதற்கும் சிரிப்புதான்.

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்குமா என்று கணிக்க ஒரு மதிப்பெண் படிவம் உண்டு. கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டதும் முகம் சுளித்தார். நாடி நூற்றுப் பதினெட்டு. மனதுக்குள் கூட்டினேன், ஒன்பது வந்தது. ஆறைத் தாண்டினாலே உடனே ஊசி போட்டு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். நான் நாடி எண்பத்தெட்டு, வீக்கம் இல்லை என்று எழுதினேன். நர்ஸ் தன் நோட்டில் சரியான எண்ணைக் குறித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

தங்கை வாசலில் நின்றாள். "அண்ணா, அவர் உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. வேற யார்கிட்டயாவது காட்டட்டுமா?"

"வெறும் தசைப்பிடிப்புதான்மா. நான் இருக்கேன்ல?"

அவள் முகம் தெளிந்தது. வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை, பல் துலக்கப் போனவர் அங்கேயே சரிந்தார். மறுபடி எழவில்லை.

ஏன் என்கிறீர்கள். அப்பா அம்மா போன பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் நான். கல்யாணமாகி ஆறே மாதத்தில் அவள் ஆளே மாறிவிட்டாள். கார் ஓட்டினாள். ஊரே கேட்கும்படி சிரித்தாள். அடுத்த மாதம் இருவரும் வேறு ஊருக்குக் குடிபோக வீடு பார்த்துவிட்டார்கள். அவரைப் பற்றி என்னிடம் அவள் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. வாயே திறக்க முடியாதபடி எவ்வளவு வதைத்திருப்பார், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆமாம், செத்துப்போவார் என்று தெரிந்துதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால், நர்ஸின் நோட்டைத் தேடிப் பிடித்து இங்கே கொண்டுவந்து கொடுத்தது என் தங்கை என்கிறீர்களே, அது மட்டும் பொய். என்னைக் கேட்காமல் அவள் எதுவும் செய்யமாட்டாள்.