வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கள்ளு

மழைக்காலத்தில் கள்ளு அவ்வளவாக விற்காது, ஐயா. ஆட்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியே வரமாட்டார்கள். அதனால்தான் போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். குளுவாங் டவுன் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேறு எந்தக் கள்ளுக்கடைக்கும் அது கிடைக்கவில்லை. இந்த வீரமுத்து ஒழுங்கான ஆள் என்று தோட்டத்துத் துரையே சொல்லி வாங்கித் தந்தார்.

ஒழுங்காகத்தான் நடத்தினேன். போதையில் வருபவனுக்குப் போத்தல் கொடுக்கக் கூடாது. பெண்களுக்கு விற்கக் கூடாது. இருட்டிய பிறகு கதவு திறந்திருக்கக் கூடாது. ஒன்றையும் மீறியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரிகள் குளுவாங்கில் கூடி, கடைமேல் புகார் உண்டா என்று கேட்பார்கள். இல்லையென்றால் லைசென்ஸ் இன்னொரு வருஷம் ஓடும்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வெள்ளையம்மா வந்தாள். பால்மரம் வெட்டும் லெட்சுமணனின் மனைவி. இடது கையைக் கிழிந்த சேலைத் துணியால் கழுத்தோடு கட்டியிருந்தாள். வேலிக்கு வெளியே, தூறலில் நின்றபடியே பேசினாள்.

"அண்ணே, அவரு குடிக்கட்டும். வேணாம்னு சொல்லல. இங்கயே குடிச்சிட்டு வரட்டும். போத்தல்ல குடுக்காதீங்க."

"ஏம்மா, எங்க குடிச்சா என்னா?"

"இங்க கையை ஓங்குனா நாலு பேரு புடிப்பாங்க. வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சா என்னைய யாரு காப்பாத்துவா?"

நியாயமான பேச்சு. மறுக்கவில்லை. லைசென்ஸ் கொடுத்தது நானில்லை, சர்க்கார் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப சர்க்காருக்கிட்டயே சொல்றேன். நாளைக்குக் குளுவாங்குக்கு வரேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் லெட்சுமணன் வந்தான். வாயை ஊதச் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சமும் வாடையில்லை. அவன் கேட்ட போத்தல்களைக் கொடுத்தேன். மேலே ஒன்று சும்மா கொடுத்தேன். சும்மா கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கொடுக்கும்போது, "ஒம் பொஞ்சாதி நாளைக்குத் துரைமாருங்க முன்னால நிக்கப் போவுதாம், தெரியுமா? ஒன்னப் பத்திச் சொல்லத்தான்," என்றேன். பொய் சொல்லவில்லை. அவன் போத்தல்களை அணைத்துக்கொண்டு போனான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வெள்ளையம்மா ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி வந்தாள். கதவை அடைக்கப் போன சமயம். தோளில் பாராங் கத்தி வெட்டு. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மேசை நனைந்தது.

"அண்ணே, கதவைச் சாத்துங்க. அவரு வராரு."

சாத்தினேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். என் துண்டைக் கிழித்துக் காயத்தில் அழுத்திக் கட்டினேன். ரத்தம் மெல்ல நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லெட்சுமணன் வரவில்லை. இவள் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஐயா.

"பேசாம இரும்மா. ரெண்டு நாளு படுத்துக் கெட. எல்லாம் சரியாயிடும்," என்றேன்.

"படுக்க மாட்டேண்ணே. இந்தக் கோலத்துலயே போயி நிப்பேன். அவங்க கண்ணால பாக்கட்டும்."

மனசை மாற்றிக்கொள்ள அவளுக்கு நான் நேரம் கொடுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

"சரி வாம்மா, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று பின்கதவைத் திறந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பீப்பாய்க்கு அடைப்பு அடிக்கும் மரச்சுத்தியல் கதவோரம் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். படி இறங்கியதும் அவளை முன்னால் நடக்க விட்டேன். முதல் அடியில் மண்டியிட்டாள். திரும்பி, "அண்ணே," என்றாள். அடித்தது லெட்சுமணன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னை நோக்கித்தான் கையை நீட்டினாள். அந்தக் கையை விலக்கிவிட்டு மறுபடி அடித்தேன். மண்டை உள்ளே போகும்வரை அடித்தேன்.

லெட்சுமணன் துரத்தி வந்த வழியிலேயே வடிகாலில் விழுந்து, போதையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவளைத் தூக்கிப்போய் அவன் பக்கத்தில் கிடத்தினேன். நழுவிக் கிடந்த பாராங்கை அவன் விரல்களுக்குள் வைத்தேன். திரும்பி வந்து மேசையைக் கழுவினேன்.

மறுநாள் குளுவாங்கில் புகார் உண்டா என்று கேட்டார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

லெட்சுமணன், தான்தான் கொன்றேன் என்று லாக்கப்பில் அழுததாகச் சொன்னார்கள். அவனுக்குச் சோறு கொடுத்தனுப்பினேன். அவன் தூக்குக்குப் போயிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். தலைக்காயம் பாராங்கால் ஆனதில்லை என்று உங்கள் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். சுத்தியலை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? வெள்ளையம்மாவைக் கொன்றது நான்தான்.

ஆனால் அவள்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. கூட்டம் முடிந்த மறுநாள் அதே வெட்டுக்காயத்தோடு அவள் ஓடி வந்திருந்தால், மாட்டுவண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கக்கூடிய முதல் ஆள் நான்தான், ஐயா.