பக்கத்தால தள்ளினாலும் தாங்குமாம்

மிஷின் சாமானெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. சும்மா புளுகிறன், பேரிங் எண்டால் இயரிங் மாதிரி ஒரு நகையெண்டுதான் நினைச்சனான். ஹவுகெட்டோ ஸ்டேசனுக்குப் போற ரெயினில, முன் சீற்றில ஒரு எஞ்சினியர் பிள்ளை பேரிங் படம் போட்ட புத்தகத்தைத் தேப்பனுக்குக் காட்டுறாள்.

"மேலால பாரம் ஏத்தினாலும் தாங்கும், பக்கத்தால தள்ளினாலும் தாங்கும். எங்கட மிஷினுக்கு இந்தச் சரிவு உருளை பேரிங்தான் அப்பா."

"நான் வேண்டாமெண்ட உன்ர பெடியனும் இப்பிடித் தாங்குவானோ?"

"பூட்டிப் பாக்காமல் எப்பிடித் தெரியும்? வீட்டை கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"வந்தால் நல்லா இறுக்குவன்."

"கூட இறுக்கினால் சூடேறிச் சிக்கிடும்."

"தளர விட்டால் ஆடுமே?"

"ஆடும். அதுதான் அளவா இறுக்குங்கோ."

தேப்பனுக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"சரி, ஞாயிறு வரச்சொல்லு. ஆட்டிறைச்சி தின்னுவானோ?"

"அவர் சைவம், அப்பா."

தேப்பன் புத்தகத்தை மூடினார். "அப்ப நான் கத்தரிக்காய் பொரிக்கிறன்."

உடனே அந்தப் பிள்ளை என்ன செய்தவள் எண்டால்... பொறுங்கோ, என்ர மனிசி கூப்பிடுறா.