முடிச்சு அவிழாத மிதவைக் கோட்டு

என் பெயர் கரீம் சாயபு. தகப்பனார் பெயர் அக்பர் அலி. வயது நாற்பத்தாறு. சேலம் ஜில்லா தர்மபுரி கடைத்தெருவில் குடியிருந்து, பட்டாளத்து ஏலச் சாமான் வியாபாரம் செய்து வருகிறேன். கொசுவலையைத் தலையில் சுமந்து விற்று இந்தக் கடைக்கு வந்தவன். இப்போது காவலில் இருக்கும் நாகமரைப் பரிசல்காரன் சென்னப்பன் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. புகார் கொடுத்த, நிலச்சுவான்தாரான மிட்டாதார் நஞ்சப்பன் அவர்கள் என் வாடிக்கைக்காரர்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946 மாசி மாதம், மேற்படி மிட்டாதார் கடைக்கு வந்து, மேட்டூர் அணைத் தண்ணீரில் பொழுதுபோக்காக விடுவதற்குப் பாய்ப்படகு வாங்கியிருப்பதாகவும், விழுந்தால் முழுகாமல் இருக்க மிதவைக் கோட்டு வேண்டுமென்றும் கேட்டார். இலவம் பஞ்சு அடைத்த கோட்டுகளை மூன்று அளவில் எடுத்துப் போட்டேன். பஞ்சு கட்டிபட்டிருக்கிறதா என்று பிசைந்து பார்க்க வேண்டும், தையல் விட்டிருந்தால் தள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஆளுக்குப் பொருந்த வேண்டும், கட்டிய பிறகு தோளில் பிடித்துத் தூக்கினால் கோட்டு காதுக்கு ஏறக்கூடாது என்று சொல்லி, அவருக்கே கட்டித் தூக்கியும் காட்டினேன். அவர் தமக்கு நடு அளவும், தம் பெண்ணைக் கொடுக்கப்போகும் சம்பந்திக்கென்று ஆகப் பெரியதும் எடுத்தார். சம்பந்தி எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

"ஒல்லிதான். அதுக்காகச் சின்னதக் குடுத்தா, பொண்ணு குடுக்கறவன் மரியாதை தெரியாதவன்னு ஆவாதா?" என்றார்.

படகோட்டிக்கும் ஒன்று எடுக்கச் சொன்னதற்கு, "அவன் மீனுக்குப் பொறந்தவன்" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு, பங்குனியில் ஒருநாள் கோட்டுக் கட்டிவிட ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பியதால், நானே அணைத் தண்ணீர் ஓரத்து நாகமரைக் கரைக்குப் போனேன். சம்பந்தி காளியப்பன் காரிமங்கலத்திலிருந்து வந்திருந்தார். பெரிய கோட்டை அவருக்குப் போட்டு மூன்று நாடாக்களையும் இறுக்கி முடிந்த பிறகும் உள்ளே என் முழங்கை போகும் அளவு இடம் இருந்தது.

காளியப்பன் சிரித்து, "ஏனுங்க சாயபு, இன்னொரு ஆளையும் உள்ள வுடலாமாட்டம் இருக்குதுங்களே" என்றார்.

நான் மிட்டாதாரிடம், "எசமான், ரெண்டு பேரும் கோட்ட மாத்திக்கங்க" என்றேன்.

"சம்பந்தி போட்டதக் கழட்டி, பெரிசா நான் போட்டுக்கறதா? உன் வேலையப் பாரு" என்றார்.

அதன் பிறகு, மிட்டாதாரும் சம்பந்தியும் ஏறிக்கொள்ள, சென்னப்பன் படகை விட்டான். கூப்பிடு தூரம் போனதும் மலைப்பக்கம் காற்றுத் திரும்பி, பாய் மறுபக்கம் அடித்துப் படகு கவிழ்ந்தது. மிட்டாதார் கோட்டோடு மிதந்தார். நீச்சல் தெரியாத காளியப்பன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினார். கோட்டு மேலேயே நின்றது. அவர் அதற்குள்ளிருந்து கீழே இறங்கினார். சென்னப்பன் நீந்திப்போய்க் கோட்டின் தோளைப் பிடித்து இழுத்தபோது கோட்டு மட்டும் கையில் வந்தது. மிட்டாதார் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். சென்னப்பன் அதை விட்டுவிட்டு முழுகினான். மூச்சு வாங்க வருவதும் முழுகுவதுமாக இருந்தவனைப் பரிசலில் போனவர்கள் பிடித்து இழுத்துப் போட வேண்டியிருந்தது. காளியப்பனின் சடலம் மறுநாள் ஒதுங்கியது.

பரிசல்காரர்கள் கோட்டைக் கரையில் கொண்டுவந்து போட்டதும், மிட்டாதாரின் ஆள் காயப்போடுவதற்காக நாடாவில் கை வைத்தான். தொடாதே என்று தடுத்து, அப்படியே எடுத்துப்போய்க் கிராம முன்சீபிடம் ஒப்படைத்தேன். நான் போட்ட மூன்று முடிச்சும் அவிழாமல் இருப்பதை இன்ஸ்பெக்டர் ஐயா தாங்களும் பார்த்தீர்கள். தண்ணீரில் ஒருவரிடம் கோட்டைப் பறிப்பவன் அவிழ்த்த நாடாவைத் திரும்ப முடிந்து வைக்கமாட்டான்.

அதன் பிறகு, நேற்று மிட்டாதார் என் கடைக்கு வந்தார்.

"சென்னப்பன் அவுத்துப் பறிச்சான்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அதையே சொல்லு" என்றார்.

நான் பார்த்தது அதுவல்ல என்றேன்.

"அப்படின்னா நாந்தான் அவரக் கொன்னேன்னு ஆவுது, சாயபு. எம்பொண்ணு மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார்.

"அது உங்க துக்கமுங்க. அதுக்காகச் சென்னப்பன ஜெயிலுக்கு அனுப்ப என்னால ஆவாதுங்க" என்றேன்.

நான் கடை சாத்தும் வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மேலே எழுதியது யாவும் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமே. யாருக்காகவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) அ. கரீம் சாயபு