பச்சைக் கடல்

ஏலக்காய் பச்சை மாறாமல் காய வேண்டுமென்றால், நெருப்புப் போட்டபின், காய் உலர்த்தும் அறையான ஸ்டோரின் கதவைத் திறக்கக் கூடாது. போடி மலையில் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

தோட்டத்து வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எழுபத்தொன்று போரில் எதிரிக் கப்பல் ஒன்று நடுக்கடலில் எங்கள் கப்பலிடம் சரணடைந்த காட்சி. போர் முடிந்து ஊர் திரும்பிய கையோடு, கடைகளுக்குப் போர்டு எழுதும் பால்பாண்டியை வைத்து வரைந்தது. கடலைக் கண்ணால் பார்க்காதவன். அலையை நம் மலை மாதிரி பச்சையாகப் போட்டுவிட்டான். ஆனால் எதிரி கேப்டனின் துப்பாக்கியைக் கைநீட்டி வாங்கும் ஆளுக்கு என் முகத்தைப் பிசகாமல் வைத்தான். சுதந்திர தினம் வந்தால் ஊர்க்காரர்கள் ஜீப்பு ஏறி வந்து அதன் முன்னால் நிற்பார்கள். கப்பல்கார ஐசக் என்றால் பஸ்காரன்கூட நிறுத்தி ஏற்றுவான். அந்த மரியாதை எனக்கு வேண்டும் ஐயா. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தேவாரம் ஊர்க்காரன் சோணை அதே கப்பலில் இருந்தவன். போன ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முதல் நாள் வேலை கேட்டு வந்தான், கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அண்ணே, அன்னிக்கு நீங்க மாவு ரூமுக்குள்ளல்ல ஒளிஞ்சு கெடந்தீங்க! கதவு இறுகிப்போயி என்னா தட்டு தட்டுனீங்க. நாந்தான ஒடைச்சு வெளிய இழுத்தேன்? நாளைக்கு ஆளுக வரட்டும், சொல்லுவோம். வயிறு வலிக்கச் சிரிப்பாங்க.”

மனதில் கள்ளம் இல்லாதவன். அதுதான் தொந்தரவு.

வேலையாட்களை மத்தியானமே அனுப்பிவிட்டேன். தட்டுகளில் காயைப் பரப்பச் சோணையை ஸ்டோருக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அடுப்பு வெளிப்பக்கம்தான். விறகை நானே தள்ளினேன். சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே போகும்.

தட்டினான். ஒருவன் எவ்வளவு நேரம் தட்டுவான் என்று எனக்குத் தெரியும், நானும் தட்டியவன்தானே.

“யாருகிட்டயும் சொல்லலண்ணே. சத்தியமாச் சொல்லமாட்டேன்” என்றான் கடைசியில். அது சரணடைவதுதான், ஐயா. கதவைத் திறந்தால் பச்சை போய்விடும்.

மறுநாள் கொடியேற்றி, வந்தவர்களுக்கு மிட்டாய் கொடுத்து, படத்தைக் காட்டி அனுப்பிய பிறகே திறந்தேன். காய் அத்தனையும் நல்ல பச்சை.

எழுதிக்கொள்ளுங்கள். சோணையைக் கொன்றது நான். பெயர் ஐசக். பெயரோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்: நடுக்கடலில் எதிரி சரணடைந்தபோது, கைநீட்டி ஏற்றுக்கொண்டவன்.